மேல் பாலிசி எந்த ரூபாயிலிருந்து தொடங்குகிறது?

பணி ஓய்வுக்குப் பிறகு, அடிப்படை பாலிசிக்கு மேல் எடுக்கும் கூடுதல் மருத்துவக் காப்பீடு, அதாவது ‘மேல் பாலிசி’ குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதிலளிப்பவர் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

கேள்வி: எனக்கு வயது 63, மனைவிக்கு 59. தனியார் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஃப்ளோட்டர் பாலிசி இருக்கிறது. அதற்கு மேல் 15 லட்சம் ரூபாய்க்கு இரண்டு திட்டங்களை முகவர் காட்டினார். ஒன்று டாப்-அப், மற்றொன்று சூப்பர் டாப்-அப். இரண்டிலும் டிடக்டிபிள் 5 லட்சம்தான். ஆனால் டாப்-அப்பின் பிரீமியம் குறைவு. பெயரில் ஒரு ‘சூப்பர்’ சேர்ந்ததற்காக நான் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. டிடக்டிபிள் என்பது ஓர் எல்லைக்கோடு. அந்தத் தொகை வரை ஆகும் செலவை மேல் பாலிசி ஏற்காது. அதை உங்கள் அடிப்படை பாலிசி கொடுக்கிறதா, நீங்கள் கையிலிருந்து கட்டுகிறீர்களா என்பது அதற்குப் பொருட்டல்ல. அந்தக் கோட்டை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் இரண்டு திட்டங்களும் பிரிகின்றன. டாப்-அப்பில் ஒவ்வொரு மருத்துவமனை அனுமதியும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்ட வேண்டும். சூப்பர் டாப்-அப்பில் அந்தப் பாலிசி ஆண்டின் எல்லாச் செலவுகளையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை 5 லட்சத்தைத் தாண்டினால் போதும்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு 2.80 லட்சம், நவம்பரில் உங்களுக்கு ஆஞ்சியோபிளாஸ்டிக்கு 3.40 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 6.20 லட்சம். அடிப்படை பாலிசி 5 லட்சத்தோடு நின்றுவிடும். மீதி 1.20 லட்சத்தை சூப்பர் டாப்-அப் தரும். டாப்-அப்போ, இரண்டு பில்களில் ஒன்றுகூடத் தனியாக 5 லட்சத்தைத் தொடவில்லை என்று ஒரு ரூபாயும் தராது. அறுபது வயதுக்கு மேல் மருத்துவமனைச் செலவு பெரும்பாலும் ஒரே பெரிய பில்லாக வருவதில்லை. நடுத்தர பில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே ஓய்வுபெற்றவர்களுக்கு டாப்-அப்பை நான் பரிந்துரைப்பதே இல்லை.

இதைவிட முக்கியமான, ஆனால் எந்த முகவரும் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் அடிப்படை பாலிசி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை நடப்பில் இருக்கிறது. சூப்பர் டாப்-அப்பை அக்டோபர் 1 முதல் எடுத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். மேலே சொன்ன ஜூன் மாதச் செலவு சூப்பர் டாப்-அப்பின் ஓர் ஆண்டிலும், நவம்பர் மாதச் செலவு அதன் அடுத்த ஆண்டிலும் போய் விழும். இரண்டும் ஒரே கூட்டலில் வராததால், சூப்பர் டாப்-அப் இருந்தும் அந்த 1.20 லட்சம் உங்கள் கையிலிருந்துதான் போகும். இதைத் தவிர்க்க, இரண்டு பாலிசிகளும் ஒரே தேதியில் தொடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை பாலிசியின் புதுப்பிப்பு இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் வருகிறது என்றால் அதுவரை பொறுக்கலாம். பல மாதங்கள் இருக்கிறது என்றால், தேதிப் பொருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மேல் பாலிசி பணம் தரும் முன் கழிய வேண்டிய காத்திருப்புக் காலத்தை எண்ணத் தொடங்குவது அதைவிடப் பெரிது.

நீங்கள் வைத்திருப்பது ஃப்ளோட்டர் என்பதால், மேல் பாலிசியையும் ஃப்ளோட்டராகவே எடுங்கள். தனிநபர் பாலிசியாக எடுத்தால், உங்கள் செலவும் மனைவியின் செலவும் தனித்தனியே 5 லட்சத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். வயது 66. ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக என் ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். அதில் எனக்கும் கணவருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை இருப்பதால், 5 லட்சம் டிடக்டிபிள் வைத்து சூப்பர் டாப்-அப் எடுத்தால் சரியாக இருக்கும் அல்லவா? – வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இந்தக் கணக்கை உங்களைப் போலப் பலரும் போடுகிறார்கள்; அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 5 லட்சம் ஓர் ஆண்டுக்கானது அல்ல. 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான நான்கு ஆண்டுத் தொகுதி முழுமைக்கும் சேர்த்துத்தான் 5 லட்சம். குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் இந்த வரம்பு 10 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் என்பதுபோல உள்வரம்புகளும் உண்டு. சூப்பர் டாப்-அப்பின் டிடக்டிபிளோ ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்குவது. நான்கு ஆண்டுக் கணக்கின் மேல் ஓர் ஆண்டுக் கணக்கை அடுக்கினால் நடுவில் இடைவெளி விழத்தான் செய்யும்.

எண்களில் பாருங்கள். தொகுதியின் இரண்டாம் ஆண்டில் கணவருக்கு நடந்த சிகிச்சையில் 3.75 லட்சம் தீர்ந்துவிட்டது என்றால், தொகுதி முடியும்வரை திட்டத்தில் மீதம் இருப்பது 1.25 லட்சம்தான். மூன்றாம் ஆண்டில் உங்களுக்கு 6 லட்சம் பில் வருகிறது. டிடக்டிபிள் 5 லட்சமாக இருந்தால் திட்டம் 1.25 லட்சம், சூப்பர் டாப்-அப் 1 லட்சம் தரும், மீதி 3.75 லட்சத்தை நீங்கள் திரட்ட வேண்டும். டிடக்டிபிளை 2 லட்சமாக வைத்திருந்தால் சூப்பர் டாப்-அப் 4 லட்சம் தந்திருக்கும். உங்கள் கையிலிருந்து போவது 75,000 ரூபாய். டிடக்டிபிள் குறையக் குறைய பிரீமியம் கூடும் என்பது உண்மையே. அப்படியிருந்தும், உங்களைப் போன்ற அரசு ஓய்வூதியர்கள் 2 அல்லது 3 லட்சம் டிடக்டிபிளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தொகையை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவைப்பதுதான் நிம்மதியான ஏற்பாடு என்பேன். நடப்புத் தொகுதி எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்த தொகுதியில் வரம்பு எவ்வளவு என்பதை உங்கள் கருவூலத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தின் பேரில் சிகிச்சை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. என் மூத்த சகோதரியும் உங்களைப் போல அரசு ஓய்வூதியர்தான். அவருக்கு இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனை மேசையில் ஒரே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “திட்டத்தில் முடித்துவிட்டோம், கிளம்பலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். இனவாரியான பில் இல்லை. திட்டம் எவ்வளவு கொடுத்தது என்ற கடிதமும் இல்லை. அதே ஆண்டில் இரண்டாம் முறை அனுமதிக்கப்பட்டபோது, முதல் செலவுக்கு ஆதாரம் இல்லாமல் அதை டிடக்டிபிளில் சேர்க்க முடியாது என்று மேல் பாலிசிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். அந்தத் தாள்களைப் பெற ஏழு வாரங்கள் நானே அலைந்தேன். முழு பில், டிஸ்சார்ஜ் சம்மரி, திட்டம் செலுத்திய தொகைக்கான கடிதம் ஆகிய மூன்றின் முத்திரையிட்ட நகல்களையும் கையில் வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள். பேக்கேஜ் கட்டணத்தில் சிகிச்சை முடிந்திருந்தால், அந்த பேக்கேஜ் தொகைதான் உங்கள் டிடக்டிபிள் கணக்கில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது. 70 வயதுக்கு மேல் கட்ட முடியாமல் விட்டுவிட நேருமோ என்று அஞ்சுகிறேன். கட்டுப்பாடு எதுவும் இல்லையா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஓரளவு இருக்கிறது. 60 வயதைக் கடந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்த விரும்பும் நிறுவனம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யுடன் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரி இறுதியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப ஃப்ளோட்டர் மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு முன் 18 சதவிகிதம் கட்டிவந்தோம். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், மூத்த குடிமக்கள் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரையிலான பிரீமியத்துக்குக் கழிவு பெறலாம். ரொக்கமாகக் கட்டினால் அது கிடைக்காது.

ஒப்பிடும்போது இந்த ஆண்டின் பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், 70, 75, 80 வயதில் எவ்வளவு என்ற வயதுவாரிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் மலிவாக இருந்து 70-ஐத் தாண்டியதும் பாய்ந்து ஏறும் திட்டங்கள் இருக்கின்றன. பணம் நெருக்கும்போது முதலில் விடத் தோன்றுவது மேல் பாலிசியைத்தான். அதை விடுவதற்குப் பதிலாக டிடக்டிபிளை உயர்த்திக்கொண்டு தொடர முடியுமா என்று கேளுங்கள். ஒருமுறை விட்டால் இத்தனை ஆண்டுகள் சேர்த்த காத்திருப்புக் காலம் அனைத்தும் வீணாகும்.

கேள்வி: என் அடிப்படை பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு உண்டு. புதிதாக எடுத்திருக்கும் சூப்பர் டாப்-அப்பில் அறை வாடகை வரம்பே இல்லை. இனி நல்ல அறையில் தங்கினாலும் மேல் பாலிசி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். சரிதானே? – வாசகர், சென்னை

பதில்: சரியில்லை. நீங்கள் கேட்டதற்காக மகிழ்கிறேன். ஏனென்றால் இதைப் பில் வந்த பிறகுதான் பலர் கேட்கிறார்கள்.

வரம்புக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் கழித்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. மருத்துவமனைகளில் அறையின் தரத்தைப் பொறுத்து அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாம் மாறுவதால், அவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் கொடுப்பார்கள். மருந்து, உடலில் பொருத்தும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்ற கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவைச் செய்யக் கூடாது என்பது விதி. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் இது பொருந்தாது.

உங்கள் அடிப்படை பாலிசியின் தொகையும் மேல் பாலிசியின் டிடக்டிபிளும் 5 லட்சம் என்று வையுங்கள். இப்போது 10,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்குகிறீர்கள், வாடகை 50,000. அறையோடு சேர்ந்து மாறும் கட்டணங்கள் 3 லட்சம். மருந்து, கருவி, பரிசோதனை 2.50 லட்சம். மொத்த பில் 6 லட்சம். உங்கள் வரம்பு, தங்கிய அறையின் வாடகையில் பாதி. ஆகவே அடிப்படை பாலிசி வாடகையில் 25,000, கட்டணங்களில் 1.50 லட்சம், மருந்து வகையில் 2.50 லட்சம், ஆக 4.25 லட்சம் தரும். மேல் பாலிசி தன் கோட்டுக்கு மேலே உள்ள 1 லட்சத்தைத் தரும். மீதி 75,000 ரூபாய் யாருடையது? உங்களுடையது. அடிப்படை பாலிசியில் 75,000 ரூபாய் செலவாகாமல் மீதம் இருக்கிறது. ஆனால் அதைத் தொடவும் முடியாது. மேல் பாலிசி கோட்டுக்கு மேலே மட்டுமே பார்க்கும். கோட்டுக்குக் கீழே விழுந்த பள்ளத்தை அது நிரப்பாது.

பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்று சொல்லும், கோ-பே எனப்படும் பங்களிப்புப் பிரிவும் இதே தொல்லையைத்தான் தரும். மூத்தோருக்கான பாலிசிகளில் 20 சதவிகிதம், அதற்கு மேலும்கூட கோ-பே இருப்பது சாதாரணம். 3 லட்சம் பில்லுக்கு 20 சதவிகிதம் என்றால் 60,000 ரூபாய். டிடக்டிபிள் 5 லட்சமாக உள்ள எந்தச் சூப்பர் டாப்-அப்பும் இந்த 60,000-க்கு உதவாது. மேல் பாலிசியிலும் கோ-பே இருந்தால் அடி இரண்டு பக்கமும் விழும். ஆகவே இருக்கும் பணத்தைக் கொண்டு மேல் பாலிசியின் தொகையை 15 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்த்துவதா, அடிப்படை பாலிசியின் அறை வாடகை வரம்பையும் கோ-பேயையும் நீக்கிக்கொள்வதா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். உங்கள் நிறுவனத்திலேயே வரம்பில்லாத திட்டத்துக்கு மாறலாம். அல்லது வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யலாம். போர்ட் செய்ய நினைத்தால் புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். புதிய நிறுவனம் மறுத்தாலும் பழையதைப் புதுப்பிக்க நாள் இருக்க வேண்டும். அதுவரை 5,000 ரூபாய் அறைக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. சர்க்கரை நோய் உண்டு. 2019-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். சிறிய அடிப்படை பாலிசி ஒன்று மட்டும் இருக்கிறது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தர மாட்டார்கள் என்று ஒரு முகவரும், ஸ்டென்ட் பற்றி எழுதாமல் விட்டால் வாங்கித் தருகிறேன் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, மதுரை

பதில்: முதலாமவர் சொல்வது பழைய கதை. எல்லா வயதினருக்கும் ஏற்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற புதிய விதிமுறை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயது ஒன்றைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவது இப்போது எளிதல்ல. ஆனால் உடல்நிலையைப் பார்த்து ஒரு நிறுவனம் மறுக்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

இரண்டாமவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். க்ளெய்ம் பிரிவில் இருந்த ஆண்டுகளில், மறைத்த நோய் எங்கே வெளிப்படும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே இருக்கும். நோயாளி மூச்சுத் திணறலோடு வந்த இரவில், பணி மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி முந்தைய சிகிச்சைகளைப் பற்றியது; பதறி நிற்கும் மகளோ மகனோ “2019-இல் ஸ்டென்ட் வைத்தோம்” என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அவரும் எழுதிவிடுவார். அந்த ஒரு வரி போதும், க்ளெய்ம் மறுக்கப்படவும் பாலிசியே ரத்தாகவும்.

வெளிப்படையாக எழுதினால் என்ன ஆகும்? ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்புக் காலம் வரும். முன்பு இது 48 மாதமாக இருந்தது. இந்த இடத்தில்தான் சூப்பர் டாப்-அப் திட்டங்களை ஊன்றி ஒப்பிட வேண்டும். ஓராண்டு, இரண்டாண்டு என்று குறைவாக வைத்திருப்பவையும் உண்டு. உங்கள் தந்தைக்கு 71 வயதில், காத்திருப்பு ஓராண்டா மூன்றாண்டா என்பது பிரீமியத்தில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைவிட மிகப் பெரியது. விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி வந்த பிறகு, எழுதியதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இதைப் பெறலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில், அட்டை பெறும் முறையையும், உங்கள் தந்தை வழக்கமாகப் போகும் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். அட்டை கைக்கு வந்து, மருத்துவமனையும் உறுதியான பிறகே அந்த 5 லட்சத்தை அடிப்படையாகக் கணக்கிட்டு மேல் பாலிசியின் டிடக்டிபிளை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வுபெறப் போகிறேன். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் 4 லட்சம் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம், இப்போதே தொடங்குங்கள். குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். ஆனால் குழுவில் உள்ள ஒருவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள உரிமை உண்டு. குழுவில் இருந்த காலத்துக்கான காத்திருப்புச் சலுகையும் அதோடு வரும். ஓய்வு நாளுக்கு முன்பே மனிதவளப் பிரிவின் வழியாக எழுத்தில் கேளுங்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

சூப்பர் டாப்-அப்பை 4 லட்சம் டிடக்டிபிளுடன் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். அடியில் இருப்பது குழுக் காப்பீடாக இருந்தாலும் பரவாயில்லை. ஓராண்டு காத்திருப்பு வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். சில திட்டங்களில், ஓய்வுபெறும்போது டிடக்டிபிளை நீக்கி முழு அடிப்படை பாலிசியாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்கள் நிலையில் உள்ளவருக்கு மற்ற எல்லா வசதிகளையும்விட அதுதான் விலை மதிப்புள்ளது. இரண்டு திட்டங்கள் சமமாகத் தோன்றினால் இந்த வசதி உள்ளதையே எடுங்கள்.

கேள்வி: என் கணவர் 2019 ஜூனில் எங்கள் இருவருக்கும் சூப்பர் டாப்-அப் எடுத்து, ஓராண்டும் விடாமல் புதுப்பித்துவந்தார். 2025 ஆகஸ்டில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இறந்துவிட்டார். பில் 7.40 லட்சம். அடிப்படை பாலிசி 5 லட்சம் கொடுத்துவிட்டது. மீதி 2.40 லட்சத்தை, பாலிசி எடுத்தபோது ரத்தக்கொதிப்பைச் சொல்லவில்லை என்று மேல் பாலிசி நிறுவனம் மறுத்துவிட்டது. அவர் சொல்லாமல் விட்டாரா என்பதே எனக்குத் தெரியாது. இனி வழி இருக்கிறதா? – வாசகி, சேலம்

பதில்: இருக்கிறது, அம்மா. உங்கள் இழப்புக்கு நடுவில் இந்தத் தாள்களோடு போராட வேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது, ஆனால் விட்டுவிடாதீர்கள்.

தொடர்ந்து 60 மாதங்கள் நடப்பில் இருந்த மருத்துவ பாலிசியில், எதையோ தெரிவிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டாக இருந்தது. 2024-இல் 5 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே விதிவிலக்கு. வெறுமனே விட்டுப்போனதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. உங்கள் பாலிசி 2024 ஜூனிலேயே 60 மாதங்களைக் கடந்துவிட்டது. நடுவில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்த நாளிலிருந்து மாதங்களை எண்ணுவார்கள், உங்கள் 2.40 லட்சம் தொடக்கத் தொகைக்குள்ளேயே அடங்கும் என்றால் அந்தக் கேள்வியும் எழாது.

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, 60 மாத விதியைச் சுட்டிக்காட்டிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஒரு க்ளெய்மை மறுக்கும் முன் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு அதைப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அப்படித் தந்ததா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். அவர் அளிக்கும் தீர்ப்பை நிறுவனம் 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

மனுவோடு சேர்க்க வேண்டியவற்றில் முதன்மையானவை 2019 முதல் 2025 வரை வந்த எல்லாப் பாலிசிச் சான்றுகளும்தான். தொடர்ச்சியை நிரூபிப்பது அவையே. கணவரின் கோப்பில் ஏதேனும் ஓர் ஆண்டின் சான்று கிடைக்கவில்லை என்றால், நிறுவனத்திடமே நகல் கேளுங்கள். தர மறுத்தாலோ தாமதித்தாலோ, அந்த ஆண்டு பிரீமியம் கழிந்த வங்கிக் கணக்கின் பக்கத்தை எடுத்து இணைத்துவிடுங்கள்.